கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று கடிதம் வந்தால்



சென்ற மாதம் வெள்ளவத்தையில் ஒரு வலீமா விருந்து. சஹனுக்கு உட்கார்ந்து சாப்பாடு வரும் வரை பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த புடவைக்கடை முதலாளி ஒருவர் கேட்டார்: "நானா, நீங்க பேப்பர்ல எழுதுறீங்கதானே. இந்தக் குப்பை ஈமெயிலைப் பற்றி ஒருக்கா எழுதுங்களேன். காலையில கடையைத் திறந்தா அறுபது எழுபது வந்து கிடக்குது. அழிச்சு அழிச்சே கை நோகுது."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் ஓ.எல். வரை படித்தவன். கணனிப் படிப்பு எதுவும் கிடையாது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாக வெளிநாட்டுக் கொள்முதல் செய்கிறேன். டெலெக்ஸின் கடைசிக் காலத்தைப் பார்த்தேன், பெக்ஸைப் பார்த்தேன். வெள்ளவத்தை காலி வீதியில் கொமியூனிகேஷன் கடைகளில் காசு கொடுத்து ஈமெயிலை அச்சடித்து வாங்கிய காலத்தையும் பார்த்தேன். ஆகவே ஒரு வியாபாரி இதில் என்ன கவனிக்க வேண்டுமோ அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் குப்பை ஈமெயிலைப் பற்றி. இதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்பாம்' என்று பெயர். அமெரிக்காவில் ஹோர்மெல் என்ற கொம்பனி 1937 இல் விற்பனைக்கு விட்ட டின் இறைச்சியின் பெயர் அது. உள்ளே இருப்பது பெரும்பாலும் பன்றி இறைச்சி. 1970 இல் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி காட்டினார்கள். சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் கலந்துதான் வரும். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். அதிலிருந்துதான் கேட்காமல் வந்து விழும் ஈமெயிலுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கு எப்படியும் ஆகாத பொருள்தான்!

இந்த வேலையை முதலில் செய்தவரும் நம்மைப் போல சாமான் விற்கிறவரே. 1978 மே மாதம் கணனி விற்கும் கொம்பனி ஒன்றின் விற்பனை அதிகாரி கேரி தூர்க், அன்றைய அமெரிக்க ஆய்வு வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை ஒரே நேரத்தில் அனுப்பினார். பலர் கோபப்பட்டார்கள். ஆனால் அவருக்கு வியாபாரம் நடந்தது. அதுதான் விஷயம். நாம் துண்டுப் பிரசுரம் அடித்தால் கடதாசிக்கும் மைக்கும் பொடியனுக்கும் செலவு. ஈமெயிலில் பத்து பேருக்கு அனுப்புவதற்கும் பத்து இலட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. இலட்சத்தில் ஒருவர் மயங்கினாலும் இலாபம். ஆகவே இது நிற்கப் போவதில்லை.

நைஜீரியாவிலிருந்து வரும் கடிதங்கள் எல்லோருக்கும் தெரியும். இறந்துபோன அமைச்சரின் மனைவி எழுதுவார், பெட்டியில் கோடிக்கணக்கான டொலர் இருக்கும், நாம் கொஞ்சம் செலவுக்கு அனுப்ப வேண்டும். அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419 ஆம் பிரிவை வைத்து இதற்கு '419' என்றே பெயர். ஈமெயிலுக்கு முன்பு இது தபாலிலும் பெக்ஸிலும் வந்தது. இவ்வளவு பச்சைப் பொய்யை ஏன் எழுதுகிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. மைக்ரோசொப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹேர்லி 2012 இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. அனுப்புவது இலவசம், ஆனால் பதில் போடுகிறவருடன் பேசிப் பேசிக் காசைக் கறப்பதற்கு ஆளும் நேரமும் வேண்டும். ஆகவே அரைகுறையாகச் சந்தேகப்படுகிறவன் ஆரம்பத்திலேயே விலகிவிட வேண்டும் என்பதற்காகவே பொய்யைப் பச்சையாக எழுதுகிறார்கள். அதையும் நம்பிப் பதில் போடுகிறவர்தான் அவர்களுக்குத் தேவையான ஆள். கடைக்கு வருகிற வாடிக்கையாளரில் வாங்குகிறவர் யார், விலை கேட்டுப் போகிறவர் யார் என்று நாம் பார்ப்பது போலத்தான் இதுவும்.

ஆனால் புடவைக்கடை முதலாளியிடம் நான் சொன்னேன், அந்த அறுபது எழுபதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று. நான் பயப்படுவது எழுபத்தோராவது கடிதத்துக்கு. அது குப்பை மாதிரி இருக்காது. நாம் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் கடிதம் மாதிரியே இருக்கும்.

கொட்டாஞ்சேனையில் என் நண்பர் ஒருவருக்கு மின்சாரப் பொருட்கள் கடை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். 2018 ஆம் ஆண்டு நத்தாருக்காகச் சீனாவில் யீவூ நகரத்திலிருந்து அலங்கார விளக்குகள் வரவழைத்தார். நான்கைந்து வருடப் பழக்கமுள்ள கொம்பனிதான். வழக்கம் போல் முப்பது வீதம் முற்பணம், மிச்சம் எழுபது வீதம் பி.எல். பிரதி வந்த பிறகு. ஒக்டோபரில் பி.எல். பிரதி ஈமெயிலில் வந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொரு ஈமெயில். எங்கள் வங்கிக் கணக்கில் வருட ஓடிட் நடக்கிறது, ஆகவே மீதிப் பணத்தை எங்கள் துணைக் கொம்பனியின் கணக்குக்கு அனுப்புங்கள் என்று. கூடவே புது இன்வொய்ஸ். அதே லெட்டர்ஹெட், அதே சீல், அதே கையெழுத்து. தொகை ஒரு டொலர் கூடப் பிழை இல்லை: 21,600. அன்றைய விலைக்கு 37 இலட்சம் ரூபாய்க்கு மேல். வங்கி மட்டும் ஹொங்கொங்கில்.

கடையின் ஈமெயில் எல்லாம் மூத்த மகனின் கையில். டொலர் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த நேரம். அவன் அவசரமாக ரீ.ரீ. படிவத்தை நிரப்பினான், வாப்பா கையெழுத்துப் போட்டார், பணம் போனது. பத்து நாள் கழித்து அந்தக் கொம்பனியில் வேலை செய்யும் பெண்பிள்ளை மகனுக்கு வீசெட்டில் கேட்டிருக்கிறாள், மீதிப் பணம் எப்போது அனுப்புவீர்கள் என்று.

எனக்கு இன்றும் வயிறு எரிவது இந்த இடத்தில்தான். அந்தப் பிள்ளை அவனுடைய போனிலேயே இருந்தாள். அவளுடைய குரல் அவனுக்குத் தெரியும். பணம் அனுப்பும் முன் அரை நிமிடம் பேசியிருந்தால் போதும்.

களவு எப்படி நடந்தது என்று பார்க்க, கணனி வேலை தெரிந்த என் மருமகனைக் கூட்டிப் போனேன். கடையின் ஈமெயில் பெட்டிக்குள் ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தார்கள். இன்வொய்ஸ், பேமன்ட் போன்ற சொற்கள் உள்ள கடிதம் வந்தால் அதன் பிரதி ஒன்று தெரியாத முகவரி ஒன்றுக்குத் தானாகப் போய்விடும். எத்தனை மாதம் அது இருந்தது என்று தெரியவில்லை. பாஸ்வேர்ட் என்னவென்றால் கடையின் பெயரும் கடை தொடங்கிய வருடமும். பெயர்ப்பலகையில் இரண்டும் இருக்கிறது! கள்வன் அவசரப்படவே இல்லை. யாரிடம் வாங்குகிறார்கள், எவ்வளவு வீதம் எப்போது கட்டுவார்கள், அந்தப் பிள்ளை எப்படி ஆங்கிலம் எழுதுவாள் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தான். பி.எல். வந்த பிறகுதான் எழுதினான். அவனுடைய முகவரியில் கொம்பனியின் பெயரில் ஒரு 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டு எழுத்தும் ஒட்டி இருந்தன. ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுதிப் பாருங்கள், இரண்டும் சேர்ந்தால் 'எம்' மாதிரியே தெரியும். கண்ணாடி போட்ட எனக்கு மருமகன் காட்டிய பிறகும் தெரியவில்லை.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கூகிள், பேஸ்புக் இரண்டு கொம்பனிகளையும் விடக் கணனி தெரிந்தவர் உலகத்தில் யார்? 2013 முதல் 2015 வரை லிதுவேனியாக்காரர் ஒருவர், அவர்களுக்குச் சாமான் கொடுக்கும் தாய்வான் கொம்பனியின் பெயரிலேயே வேறு நாட்டில் ஒரு கொம்பனியைப் பதிந்து, பொய் இன்வொய்ஸ் அனுப்பி, இரண்டிடமும் சேர்த்து 12 கோடி டொலர் அளவுக்கு வாங்கிவிட்டார். 2019 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருடச் சிறை விதித்தது. இந்த வகை ஈமெயில் மோசடியால் 2023 ஆம் ஆண்டில் மட்டும் 290 கோடி டொலருக்கு மேல் இழப்பு என்று தங்களுக்கு வந்த முறைப்பாடுகளை வைத்து அமெரிக்காவின் எப்.பி.ஐ. கணக்குக் காட்டியது.

நம் கொழும்பையே தொட்ட கதை ஒன்றும் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் கேள்வி கேட்டவர்களும் இருக்கிறார்கள், கேட்காதவர்களும் இருக்கிறார்கள்.

2015 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் ஊழியர்கள் சிலருக்கு ஓர் ஈமெயில் வந்தது. மரியாதையான கடிதம். உங்கள் நிறுவனத்தில் வேலை தேடுகிறேன், என் விபரங்களை இங்கே பாருங்கள் என்று. சிலர் அதைத் திறக்கப் போனார்கள். அந்த வழியால் உள்ளே நுழைந்தவர்கள் ஒரு வருடம் அளவு சத்தமில்லாமல் இருந்தார்கள். 2016 பெப்ரவரி 4, வியாழன் இரவு, அந்த வங்கியின் பெயரில் நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு ஸ்விப்ட் மூலம் 35 கட்டளைகள் போயின. மொத்தம் 95 கோடி டொலர். நாளைத் தெரிந்தெடுத்த விதத்தைப் பாருங்கள். வெள்ளி, சனி பங்களாதேஷில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயோர்க்கில் விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டு, மணிலாவில் விடுமுறை. கட்டளைகளை அச்சடிக்கும் இயந்திரத்தையும் வேலை செய்யாமல் ஆக்கிவிட்டார்கள். பிரிண்டர் பழுது என்றுதான் ஊழியர்கள் நினைத்தார்கள். நம் கடையில் பிரிண்டர் பழுதானால் நாமும் அப்படித்தான் நினைப்போம்.

35 இல் பெரும்பாலானவை நியூயோர்க்கில் தடைப்பட்டன. அதற்கும் ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. பணம் போக வேண்டிய மணிலாக் கிளை இருந்த வீதியின் பெயர் ஜுப்பிட்டர். தடை செய்யப்பட்ட ஒரு கப்பலின் பெயரிலும் அந்தச் சொல் இருந்ததால் கணனி சந்தேகப்பட்டது. ஐந்து கட்டளைகள் தப்பிப் போயின. நான்கு மணிலாவுக்கு, 8 கோடி 10 இலட்சம் டொலர். ஒன்று இலங்கைக்கு, 2 கோடி டொலர், கொழும்பில் பான் ஏசியா வங்கியில் ஷாலிகா பவுண்டேஷன் என்ற அமைப்பின் கணக்குக்கு.

கள்வர்கள் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதியிருந்தார்கள். இடையில் பணத்தைக் கடத்தி அனுப்பும் டொய்ச் வங்கியில் ஒருவர் அதைக் கண்டு பங்களாதேஷிடம் விளக்கம் கேட்டார். இவ்வளவு பெரிய தொகை இப்படி ஒரு கணக்குக்கு வருகிறதே என்று கொழும்பிலும் கேட்டார்கள். அந்தப் பணம் திரும்பிப் போனது. ஜப்பானிலிருந்து உதவிப் பணம் வருவதாக நம்பியதாகவும் தானே ஏமாற்றப்பட்டதாகவும் அந்த அமைப்பை நடத்தியவர் சொன்னார். மணிலாவில் யாரும் கேட்கவில்லை. பணம் சூதாட்ட விடுதிகளுக்குப் போய்க் கரைந்தது. அந்த வருடத்துக்குள் திரும்பி வந்தது ஒன்றரைக் கோடி டொலர் அளவுதான். பங்களாதேஷ் மத்திய வங்கி ஆளுநர் அடுத்த மாதமே பதவி விலகினார். கிளை முகாமையாளர் மீது 2019 இல் தீர்ப்பு வந்தது. வடகொரியர் ஒருவர் மீது 2018 இல் அமெரிக்கா வழக்குப் பதிந்தது. அந்த நாடு மறுக்கிறது.

கோடிக்கணக்கில் செலவழித்த பாதுகாப்பு எதுவும் அந்த 2 கோடி டொலரைக் காப்பாற்றவில்லை. மேசையில் இருந்த ஓர் ஆள் கடதாசியை வாசித்து, இது சரியா என்று ஒரு கேள்வி கேட்டதுதான் காப்பாற்றியது.

நம் மூத்தவர்களிடம் இந்தப் பழக்கம் இருந்தது. டெலெக்ஸ் காலத்தில் ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பச் சொன்னால் செய்தியோடு 'டெஸ்ட் கீ' என்று ஓர் இரகசிய எண்ணும் வரும். அந்தக் கணக்குச் சரிவராமல் காசு கொடுக்கமாட்டார்கள். என் வாப்பாவுக்கு பம்பாயிலிருந்து தந்தி வந்தாலும் ட்ரங்க் கோல் எடுத்துக் குரலைக் கேட்டுத்தான் பணத்தை அசைப்பார். கோல் கிடைக்க அரை நாள் போகும், பரவாயில்லை என்பார். கொண்டுவரப்படும் செய்தியை விசாரித்துக்கொள்ளும்படி ஹுஜுராத் அத்தியாயம் சொல்வதை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம்! இன்று வொட்ஸ்அப்பில் முகத்தைப் பார்த்தே பேசலாம், செலவும் இல்லை. ஆனால் நாம் பேசுவதில்லை, எழுத்தை நம்புகிறோம்.

ஆகவே, கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று எந்த வழியில் செய்தி வந்தாலும், அதை வேறு வழியால் கேட்க வேண்டும். ஈமெயிலில் வந்தால் போனில் கேளுங்கள். அந்த ஈமெயிலுக்குக் கீழே இருக்கும் இலக்கத்துக்கு எடுக்கக் கூடாது, அங்கே கள்வனே பேசுவான். பழைய விசிட்டிங் கார்டில் இருக்கிற இலக்கம், கன்டன் பெயாரில் சந்தித்தபோது வாங்கிய இலக்கம், அதற்கு எடுங்கள். 'ரிப்ளை' அழுத்திக் கேட்பதிலும் பிரயோசனம் இல்லை. என் கடையில் வெளிநாட்டுக் கொம்பனிகளின் பெயர், ஆளின் பெயர், போன், வங்கி, கணக்கு இலக்கம் எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் மையால் எழுதி இருக்கிறது. கொப்பியில் இல்லாத இலக்கத்துக்கு ரீ.ரீ. போகாது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வங்கி பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க வேண்டாம். பணம் பெறுகிறவரின் பெயரையும் கணக்கு இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை எல்லா நாட்டிலும் இல்லை. பல இடங்களில் இலக்கம் இருந்தால் பணம் அதில் விழும்.

ஈமெயில் பெட்டிக்கு நீளமான பாஸ்வேர்ட் வேண்டும், அதை வேறு எங்கும் பாவிக்கக் கூடாது. பாஸ்வேர்டோடு கைப்போனுக்கு வரும் எண்ணையும் கேட்கும்படி செய்துவிடலாம், ஜீமெயிலில் இது இலவசம். அந்த ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், சொந்த மச்சானின் வொட்ஸ்அப்பிலிருந்து கேட்டாலும் சரி. மச்சானின் வொட்ஸ்அப் நேற்று இரவே இன்னொருவன் கைக்குப் போயிருக்கலாம். கள்ளப் பிரதி விண்டோஸ் போடுவது பற்றி நான் சொன்னால் கோபம் வரும். ஆனால் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து, யாரோ உடைத்துக் கொடுத்த பூட்டைக் கல்லாப்பெட்டிக்குப் போடுகிறோம்.

கணக்குப் புத்தகம் கணனியில் இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள். 2023 ஓகஸ்டில் நம் அரசாங்கத்தின் கணனி வலையமைப்பையே கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச ஈமெயில் முகவரிகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. பிரதி இருந்தது, ஆனால் அதுவும் அதே இடத்தில் தொடுப்பில் இருந்ததால் சேர்ந்தே போனது.

நண்பரின் விஷயத்தை முடிக்கவில்லை. சீனக் கொம்பனி, எங்களுக்குப் பணம் வரவில்லை, வராமல் மூல பி.எல். தரமாட்டோம் என்றது. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கடன் உரியவர் கைக்குப் போகும் வரை கடன்தான். பல நாள் பேசி 2,000 டொலர் குறைத்தார்கள். நண்பர் கைமாற்று வாங்கி இரண்டாம் முறை கட்டினார். கொன்டெய்னர் துறைமுகத்தில் கிடந்து தாமதக் கட்டணமும் ஏறியது. விளக்குகள் ஜனவரியில் கடைக்கு வந்தன. நத்தார் போய்விட்டது.

அதைவிட மோசம், மகன் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். வாப்பா அவனோடு பேசவில்லை. ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு நான் போய் உட்கார்ந்தேன். "பொடியன் படிச்சவன், கொம்பியூட்டர் எல்லாம் அவனுக்குத்தான் தெரியும் எண்டு நான் பார்க்கவே இல்ல தம்பி" என்றார். நான் சொன்னேன், "நானா, கொம்பியூட்டர் அவனுக்குத் தெரியும். சல்லி குடுக்கிற இடத்தில என்ன கேட்கணும் எண்டு உங்களுக்குத்தானே தெரியும். ஹொங்கொங் எண்டு எழுதிக் கிடந்த படிவத்தில கையெழுத்துப் போட்டது நீங்கதானே." கொஞ்ச நேரம் கோபமாக இருந்தார். பிறகு உள்ளே பார்த்து மகனைத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அந்த வீட்டில் பல நாளைக்குப் பிறகு வாப்பா மகனைக் கூப்பிட்டது அதுதான் என்று பிறகு தெரிந்தது. இப்போது இருவரும் சேர்ந்துதான் ரீ.ரீ. அனுப்புகிறார்கள். மகன் எழுதுகிறான், வாப்பா போன் எடுக்கிறார். சீன மொழியும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை, ஆனாலும் எடுக்கிறார்.

யாருக்காவது இப்படி நடந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். அந்த மணித்தியாலமே உங்கள் வங்கிக்குப் போய், பணத்தைத் திருப்பி அழைக்கும் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் கொடுங்கள். பொலிஸ் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணனிக் குற்றப் பிரிவு இருக்கிறது, 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டமும் இருக்கிறது. முறைப்பாட்டின் பிரதி வங்கிக்கும் சப்ளையருக்கும் காட்ட உதவும். ஆனால் பணம் அந்தக் கணக்கில் அதிக நேரம் இருக்காது, வேறு கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். என் நண்பர் வங்கிக்குப் போனது பதினோராவது நாள். ஹொங்கொங்கில் ஒரு சதம் கூட மிஞ்சவில்லை.

வெள்ளவத்தை முதலாளியின் அறுபது எழுபது ஈமெயிலுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம், 'ஸ்பாம்' என்ற பொத்தானை அழுத்துங்கள். சில வாரத்தில் பெட்டி தானாகப் பிரித்துப் போடப் பழகிவிடும். தெரியாதவன் அனுப்பியதில் 'இனி அனுப்பாதே' என்ற இடத்தைத் தட்ட வேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறான் என்று அவனுக்கு நாமே சொன்னதாகிவிடும். ஆனால் அந்த ஸ்பாம் பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். போன மாதம் டுபாயிலிருந்து வந்த உண்மையான ஓடர் ஒன்று எனக்கு அதற்குள்தான் கிடந்தது.